கடைசிப் பந்தி

சென்ற மாதம் சேலத்திலிருந்து ஒரு வாசகி எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். என் நாவல் ஒன்றில் வரும் ஒரு காட்சியைப் புகழ்ந்து நான்கு பக்கம். அந்தக் காட்சியில் என் கதாநாயகி எட்டு மாதக் கர்ப்பிணி. மாமனார், மாமியார், கணவன், கொழுந்தன், நாத்தனார், ஊரிலிருந்து வந்த விருந்தாளி எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, சமையலறை மூலையில் அவள் தட்டோடு உட்காருகிறாள். பாத்திரத்தில் அடிச்சோறு கொஞ்சம் இருக்கிறது. குழம்பு வழித்தாலும் வரவில்லை. மோரை ஊற்றிப் பிசைந்து, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, வயிற்றிலிருக்கும் குழந்தையிடம் ஏதோ வேடிக்கையாகப் பேசிச் சிரித்தபடியே சாப்பிடுகிறாள். "இந்த இடத்தைப் படித்ததும் என் கண்களில் நீர் வந்துவிட்டது. நம் பெண்களின் பொறுமையை இவ்வளவு அழகாக நீங்கள் எப்படித்தான் எழுதினீர்களோ!" என்று அந்தச் சகோதரி முடித்திருந்தார்.

கடிதத்துக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. அலட்சியம் காரணமல்ல. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இந்தக் கட்டுரையையே அவர் என் பதிலாக ஏற்றுக்கொள்ள வேண்டும். பதில் இதுதான்: அந்தக் காட்சியை எழுதியதற்காக நான் வெட்கப்படுகிறேன். எழுதியபோது எனக்கும் கண்ணில் நீர் வந்தது. தான் எழுதியதைப் படித்துத் தானே ஒருவன் அழுதால், அங்கே எங்கேயோ ஒரு பொய் ஒளிந்துகொண்டிருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

அந்தக் காட்சி கற்பனையும் அல்ல. என் வீட்டுச் சமையலறையில் தினமும் நடந்ததைத்தான் எழுதினேன். பதினாறு வருஷங்களுக்கு முன்பு என் மனைவி எங்கள் முதல் குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தாள். நான் கூடத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன். எட்டரை மணிக்கு இராச் சாப்பாடு. அப்பாவுக்கும் தம்பிக்கும் எனக்கும் அவள் நின்றுகொண்டே தோசை வார்த்துப் போடுவாள். "இன்னொண்ணு போடட்டுமா?" என்று கேட்பாள். "போடு" என்பேன். மாவு எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று நான் ஒரு நாளாவது கேட்டிருந்தால், இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய அவசியம் வந்திராது.

ஏழாவது மாதத்தில் இரத்தம் சோதித்தார்கள். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமாவது இருக்க வேண்டும். என் மனைவிக்கு 7.4 இருந்தது. லேடி டாக்டர் வயதானவர், சாந்தமானவர். காகிதத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் விசாரித்தார்.

"வீட்டிலே கீரை வாங்கறீங்களா?"

"வாரத்துக்கு மூணு நாள் வாங்கறோம், டாக்டர்."

"முட்டை?"

"உண்டு."

"பால்?"

"தினம் ஒண்ணரை லிட்டர்."

சற்றுப் பெருமையாகவே சொன்னேன். டாக்டர் என்னை விட்டுவிட்டு என் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. நேத்து ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டே?"

"பத்தரை இருக்கும், டாக்டர்."

"கீரை இருந்துதா?"

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இருந்தது, டாக்டர். எனக்கு வர்றபோது தீர்ந்து போச்சு."

டாக்டர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். கர்ப்பிணி என்ன சாப்பிட வேண்டும் என்பதைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதாத மாதம் இல்லை. கீரை, பருப்பு, பால், முட்டை, மீன், பேரீச்சம்பழம், நெல்லிக்காய் என்று பட்டியல் போடுகிறார்கள். பட்டியலில் பிழை ஒன்றும் இல்லை. அதைப் பார்த்துச் சாமான் வாங்கிப் போடுகிற கணவன்மாரும் இருக்கிறார்கள். நானே அப்படி ஒருவன். ஆனால் வாங்கி வந்தது யாருடைய தட்டில் விழுகிறது என்று எந்தப் பட்டியலும் கேட்பதில்லை. கல்யாணப் பந்தி வருஷத்துக்கு ஒன்றிரண்டு. வீட்டுப் பந்தி தினமும் மூன்று வேளை. அதில் யாருக்குக் கடைசி இடம் என்பது எல்லோருக்கும் தெரியும். வயிற்றில் பிள்ளையைச் சுமக்கிறவளுக்குத்தான்!

ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வந்ததும் வளைகாப்பு நடத்துகிறோம். மணையில் உட்கார்த்தி, இரண்டு கையிலும் வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, எலுமிச்சம் சாதம், புளியோதரை, தேங்காய் சாதம், தயிர் சாதம் என்று விதவிதமாகப் பண்ணி அவளுக்கு முதலில் பரிமாறுகிறோம். போட்டோ எடுத்துக்கொள்கிறோம். மறுநாள் காலையில் அதே பெண் எல்லோருக்கும் இட்லி எடுத்து வைத்துவிட்டு, உடைந்த இட்லியும் ஆறிய சாம்பாருமாகப் பதினோரு மணிக்குச் சாப்பிடுகிறாள். ஒரு நாள் ராணி, மற்ற இருநூற்று எழுபது நாளும் சமையற்காரி. இதற்குப் பெயர் சம்பிரதாயம் என்றால், அந்தச் சம்பிரதாயத்தில் பாதியை நாம் மறந்துவிட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு நாள் செய்து காட்டியதைத் தினமும் செய்யச் சொல்லித்தான் பெரியவர்கள் அந்த மணையைப் போட்டார்கள் என்று நான் எண்ணிக்கொள்கிறேன்.

அவளுக்கு அப்படி எவ்வளவுதான் கூடுதலாக வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-இல் வெளியிட்ட கணக்கின்படி நாளொன்றுக்கு 350 கலோரி. இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம்; கிட்டத்தட்ட அவ்வளவுதான். புரதம் நடு மூன்று மாதங்களில் சுமார் பத்துக் கிராமும், கடைசி மூன்று மாதங்களில் 22 கிராமும் கூடுதலாக வேண்டும். ஒரு முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும் கொஞ்சம் தயிரும் சேர்ந்தால் அதில் பெரும் பங்கு வந்துவிடும். "இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும்" என்று சொல்லி வாரி வாரித் திணிக்கவும் வேண்டாம். தினமும் வேளைக்கு, சூடாக, பாத்திரம் நிறைந்திருக்கும்போது அவள் சாப்பிட்டால் போதும். மாதச் சம்பளக்காரர் வீட்டில் இதற்குப் பணமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பணமில்லாத வீடுகளின் கதை வேறு. அங்கே சர்க்கார் கொஞ்சம் கை கொடுக்கிறது. 1987-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் தமிழ்நாட்டில் மகப்பேறு நிதியுதவித் திட்டம் தொடங்கினார்கள். 2018-இல் அது 18,000 ரூபாயாக உயர்ந்தபோது ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் அதில் சேர்த்தார்கள். அங்கன்வாடியில் சத்துமாவு கொடுக்கிறார்கள். ஆனால் பெட்டகத்திலிருக்கும் நெய் யாருடைய தோசையில் உருகுகிறது, சத்துமாவு யாருடைய டம்ளரில் கரைகிறது என்பதைச் சர்க்கார் வந்து பார்க்க முடியாது. அதை அந்த வீடுதான் பார்க்க வேண்டும்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? இந்தியாவில் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்கு இரத்த சோகை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு. இதைப் படித்துவிட்டு, "ஐயோ பாவம், ஏழைகள்!" என்று பெருமூச்சு விட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு செய்தி. கர்ப்பிணிகளை மட்டும் எண்ணாமல் பெண்கள் எல்லோரையும் எண்ணி, அவர்களில் மிகவும் வசதியான ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தக் குறை இருக்கிறது. கொக்கிப் புழு, மாதவிடாய்ப் போக்கு, அடுத்தடுத்த பிரசவம் என்று வேறு காரணங்களும் உண்டு. எல்லாப் பழியையும் நான் தட்டின் மேல் போடவில்லை. ஆனால் குளிர்சாதனப் பெட்டியில் பாலும் முட்டையும் இருக்கிற வீட்டில் ஒருத்திக்கு இரத்தம் இல்லை என்றால், அந்தப் பெட்டியைத் திறக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்று கேட்கத்தான் வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். லூசி வில்ஸ் என்று ஒரு ஆங்கில டாக்டர். 1928-இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகள் பலர் ஒரு வகை இரத்த சோகையால் மடிந்துகொண்டிருந்தார்கள். காரணம் ஏதாவது கிருமியாக இருக்கும் என்று தேடிப் பார்த்தார்கள், அகப்படவில்லை. லூசி வில்ஸ் அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினார். காய்கறியும் பழமும் இல்லாத சாப்பாடு. மார்மைட் என்று கடையில் விற்கும் ஈஸ்ட் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். வெளுத்துப் போயிருந்த பெண்கள் தேறினார்கள். 1931-இல் அதைப் பிரசுரித்தார். அந்தச் சாற்றில் இருந்த சத்துக்கு அப்போது பெயர் கிடையாது. 1941-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் நான்கு டன் கீரையைப் பிழிந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, இலைக்கு உரிய லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். லூசி வில்ஸ் கண்டதும் அதே சத்துதான் என்பது பிறகு தெளிவாயிற்று. உலகத்துக் கர்ப்பிணிகளெல்லாம் இன்று விழுங்கும் அந்த மாத்திரையின் கதை, நம் தேசத்து ஆலைக்காரப் பெண்களின் காலித் தட்டில்தான் ஆரம்பமாகிறது.

அந்தச் சத்து எப்போது வேண்டும் என்பது அதைவிட முக்கியம். கருவின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் அடிப்படையான குழாய், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. அது சரியாக மூடாமற்போனால் குழந்தை ஊனத்தோடு பிறக்கும், அல்லது பிழைக்காது. முன்பு அப்படி ஒரு குழந்தை பெற்ற தாய்மார்களுக்குக் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்துப் பார்த்தபோது, மறுபடி அந்தக் குறை வருவது நூற்றுக்கு 72 பங்கு குறைந்தது என்று பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1991-இல் அறிவித்தது. 28 நாள் என்றால் என்ன அர்த்தம்? தான் தாயாகப் போகிறோம் என்று அந்தப் பெண்ணுக்கே நிச்சயமாகத் தெரியாத காலம்! கருத்தரிக்க எண்ணும்போதே தினம் 400 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளத் தொடங்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வது அதனால்தான். ஏழாம் மாதத்து வளைகாப்புச் சாதம் அதற்கு உதவாது. மருமகள் வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்த அன்றே பந்தியின் வரிசை மாற வேண்டும்.

இனி குங்குமப்பூ விஷயம். என் அம்மா ஒரு சின்ன டப்பி குங்குமப்பூ வாங்கி வந்தாள். ஒரு கிராம் பல நூறு ரூபாய். அதில் நான்கு இழையை எடுத்துப் பாலில் போட்டு மருமகளுக்குக் கொடுத்தாள். குழந்தை சிவப்பாகப் பிறக்க வேண்டுமாம். அதே அம்மா, ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையைப் பார்த்துவிட்டு, "இதைத் தின்னா குழந்தை கறுத்துப் போயிடும்" என்று சொல்லியிருக்கிறாள். பிரசவத்துக்குப் பிறகு ஒரு நாள் அலமாரியைத் துழாவியபோது, புடவைகளுக்கு அடியில் பிரிக்காத மாத்திரை அட்டைகள் ஐந்து கிடைத்தன.

அம்மாவை நான் குற்றம் சொல்லவில்லை. இந்த நம்பிக்கை அவளோடு பிறந்ததும் அல்ல, அவளோடு முடிவதும் அல்ல. இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும் என்பது வாஸ்தவம். அதைப் பார்த்துக் குழந்தையும் கறுக்கும் என்று யாரோ முடிவு கட்டியிருக்க வேண்டும். குழந்தையின் நிறம் தாய் தகப்பனின் வம்சத்திலிருந்து வருவது. குங்குமப்பூ அதைச் சிவப்பாக்காது, இரும்பு அதைக் கறுப்பாக்காது. கீரை நல்லதுதான், ஆனால் கீரையிலுள்ள இரும்பை உடம்பு கொஞ்சமாகத்தான் ஏற்றுக்கொள்கிறது. அதனால்தான் நாலாவது மாதத்திலிருந்து 180 நாளைக்கு மாத்திரை கொடுக்கிறார்கள். அதையும் காப்பியோடு சேர்த்து விழுங்கினால் பாதிப் பிரயோசனம் போய்விடும். நெல்லிக்காயோ எலுமிச்சம்பழச் சாறோ சேர்ந்தால் நன்றாகப் பிடிக்கும். இதெல்லாம் பெரிய ரகசியங்கள் அல்ல. ஆனால் நமக்கு இரத்தத்தின் சிவப்பைவிடத் தோலின் சிவப்பின் மேல் அல்லவா ஆசை! தாய் வெளுத்துக்கொண்டே போகிறாள், நாம் பிறக்கப் போகிற குழந்தையின் நிறத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறோம்.

இதைப் படிப்பவர்களில் சிலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும். அவர்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். நானும் ஒரு காலத்தில் சொன்னவைதான் அவை.

"எங்க பாட்டி பத்துப் பெற்றாள். மாத்திரையா சாப்பிட்டாள்?" என்பது முதல் கேள்வி. என் பாட்டி ஒன்பது பெற்றாள். நான்கு தங்கின. மற்ற ஐந்தைப் பற்றி அவள் பேசமாட்டாள். ஆடி அமாவாசையன்று மாத்திரம் விளக்கேற்றி வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருப்பாள். உங்கள் பாட்டி பெற்ற பத்தில் எத்தனை தங்கின என்பதையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு வாருங்கள். பிழைத்தவர்களின் பேரன்மார்தான் பாட்டியின் பெருமையைப் பேசுகிறோம். போனவர்களுக்குப் பேரன்மார் இல்லை.

"ரொம்பச் சாப்பிட்டால் குழந்தை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகிவிடும்" என்பது இரண்டாவது. குழந்தை அளவுக்கு மீறிப் பெருப்பதற்கு முக்கியமான காரணம் தாயின் இரத்தத்தில் சர்க்கரை ஏறுவது. அதற்குத்தான் கர்ப்ப காலத்தில் சர்க்கரைச் சோதனை செய்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் இனிப்பையும் சோற்றையும் டாக்டர் சொன்னபடி அளவோடு சாப்பிட வேண்டும் என்பதில் தகராறு இல்லை. ஆனால் மற்றவளைப் பட்டினி போட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரத்தில் ஒரு கொடிய சாட்சி இருக்கிறது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர்கள் ஹாலந்து தேசத்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் தடுத்தார்கள். ஆளுக்கு ஆயிரம் கலோரிகூடக் கிடைக்கவில்லை. கடைசி மாதங்களில் பசியோடிருந்த தாய்மார்கள் எடை குறைந்த குழந்தைகளைப் பெற்றார்கள். பஞ்சத்தின்போது கருவானவர்களுக்கோ நடு வயதில் இருதய நோய் மற்றவர்களைவிட அதிகமாக வந்தது. இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் என்ற டாக்டர், எடை குறைந்து பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இருதய நோய் அதிகம் வருகிறது என்று 1980-களில் எடுத்துச் சொன்னார். புனேயில் டாக்டர் யாஜ்னிக்கும் அவரது குழுவினரும் நம் குழந்தைகளை அளந்து பார்த்தார்கள். அவை எடையில் சிறியவை, சதைப்பிடிப்பு இல்லாதவை, ஆனால் கொழுப்பு மட்டும் குறையவில்லை என்று 2003-இல் எழுதினார்கள். சிறு குழந்தை சுலபமாகப் பிறக்கிறது என்று சந்தோஷப்படுகிறோம். அதன் கணக்கு ஐம்பதாவது வயதில் தீர்க்கப்படுகிறது.

மூன்றாவது, பத்தியம். பப்பாளி ஆகாது, அன்னாசி ஆகாது, எள் ஆகாது, கத்தரிக்காய் ஆகாது, முட்டை சூடு, மீன் கரப்பான். பெரியவர்கள் சொன்னதில் உண்மையே இல்லை என்று நான் வாதாட மாட்டேன். பப்பாளிக் காயின் பால் கருப்பையைச் சுருங்கச் செய்வதை எலிகளிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். காயை விலக்குவது புத்திசாலித்தனம். நன்றாகப் பழுத்த பழம் அதே சோதனையில் கெடுதல் செய்யவில்லை. என் சண்டை வேறு. ஆகாது என்று ஒன்றை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன வைக்கிறீர்கள்? முட்டையை எடுத்தீர்கள், சரி, பருப்பை இரட்டிப்பாக்கினீர்களா? மீனை எடுத்தீர்கள், சரி. பாலை ஒரு டம்ளர் கூட்டினீர்களா? எடுத்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது இரசமும் சாதமும். பத்தியம் என்ற பெயரில் ஒரு பெண்ணைப் பட்டினி போடுவதைவிடச் சுலபமான காரியம் உலகத்தில் இல்லை. அவளும் தட்டிப் பேச மாட்டாள், பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் பழி தன் மேல் வருமே என்று பயப்படுவாள்.

நான்காவதாக ஒன்று சொல்வார்கள். அதுதான் எல்லாவற்றிலும் பொல்லாதது. "யாரும் அவளைத் தடுக்கவில்லை. அவளே பிரியப்பட்டுத்தான் கடைசியில் சாப்பிடுகிறாள்." இந்த வாதத்தை உண்டாக்கிக் கொடுத்தவர்களில் என்னைப் போன்ற கதாசிரியர்களுக்கும் பங்கு உண்டு. பசித்த பெண்ணின் முகத்தில் புன்னகையை எழுதி வைத்தோம். எல்லோருக்கும் ஊட்டிவிட்டுத் தான் மோர் குடித்துப் படுப்பவளை உத்தமி என்றோம். முதலில் தட்டெடுத்து உட்காருகிறவளைத் தொடர்கதையில் வில்லியாக்கினோம். அதைப் படித்து வளர்ந்த பெண் பசி என்று எப்படி வாய் திறப்பாள்? பசிக்கிறது என்று சொன்னால் தன் மானம் போய்விடும் என்று நினைக்கும்படி அவளைப் பழக்கியவர்கள் நாம். பிறகு, "அவள் கேட்கவே இல்லையே" என்கிறோம்.

என் மனைவிக்கு என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். டாக்டர் ஊசி வழியாக இரும்புச் சத்து ஏற்றினார். காலம் போதவில்லை. பிரசவத்தில் இரத்தம் போயிற்று. நல்ல உடம்பாக இருந்தால் தாங்கியிருக்கும் போக்குதான் என்றார்கள். அவள் உடம்பில் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. இராத்திரி இரண்டு மணிக்கு இரத்தத்துக்காக நானும் தம்பியும் ஓடினோம். இரண்டு யூனிட் ஏற்றினார்கள். விடியற்காலையில்தான் கண்ணைத் திறந்தாள். குழந்தை 2 கிலோ 100 கிராம். என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. இருவரும் பிழைத்தார்கள் என்பதற்காக நான் கும்பிடாத தெய்வம் இல்லை. ஆனால் தெய்வம் செய்ய வேண்டிய வேலையாகவா அது இருந்தது? ஏழு மாதம் முன்னதாக, "நீ முதல்லே உட்காரு" என்று நான் நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதாதா?

நாவல் புஸ்தகமாக வந்தபோது என் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தக் காட்சியைப் படித்துவிட்டு அவள் புஸ்தகத்தை மூடினாள். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. இதை எழுதினபோது எனக்குப் பசிச்சிருக்கும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே!" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குக் கிடைத்த விமரிசனங்களில் அதைவிடக் கடுமையானது ஒன்று கிடையாது.

இப்போது என் தம்பி மனைவிக்கு ஐந்தாவது மாதம். போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். எட்டு மணிக்கு அம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்: "நீ வந்து உட்காரும்மா முதல்லே. இவங்களுக்கெல்லாம் கை இருக்கு, அப்புறம் போட்டுக்குவாங்க." அந்தப் பெண் கூச்சத்தோடு என்னைப் பார்த்தாள். தோசைக் கல்லின் முன்னால் தம்பி நின்றான். அவன் வார்த்த தோசை இலங்கைப் படத்தைப் போல இருந்தது. ஆனாலும் சூடாக இருந்தது. முருங்கைக்கீரைக் கூட்டு பாத்திரம் நிறைய இருந்தது. அவள் சாப்பிட்டு முடித்து, மாத்திரையை எடுத்துத் தண்ணீரோடு விழுங்கிய பிறகுதான் நாங்கள் உட்கார்ந்தோம்.

இராத்திரி திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அம்மா தானாகவே சொன்னாள்: "உனக்கு முன்னாடி ரெண்டு பிள்ளைங்க எனக்குத் தங்கலே. விதின்னு நெனச்சேன். அப்போ என்னை ஒருத்தரும் கூப்பிட்டு உட்கார வைக்கலேடா." அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? அவள் மாறுவதற்குப் பதினாறு வருஷமும் ஒரு மருமகளின் உயிராபத்தும் வேண்டியிருந்தது. உங்கள் வீட்டில் அவ்வளவு விலை கொடுக்க வேண்டாம்.

சேலத்துச் சகோதரிக்கு: என் நாவலின் அடுத்த பதிப்பில் அந்தக் காட்சியைத் திருத்தியிருக்கிறேன். புதிய பதிப்பில் அந்தப் பெண் எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்து, கீரையும் முட்டையுமாகச் சாப்பிடுகிறாள். கணவன் பரிமாறுகிறான். பதிப்பாளர் பார்த்துவிட்டு, "என்ன சார், இதிலே அழுகையே வரலியே!" என்று குறைப்பட்டார். வர வேண்டாம் என்றேன். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கர்ப்பிணிப் பெண் இருந்தால், அந்தக் காட்சிக்காக நீங்கள் கண்ணீர் விட வேண்டாம். இன்றைக்கு இராத்திரி அடுப்பிலிருந்து இறக்கியதும் முதல் தட்டை அவள் முன்னால் வையுங்கள். மற்றவர்கள் காத்திருக்கட்டும். நமக்குப் பசி தாங்கும்.